காக்கை வன்னியன் எத்தினை தரம் காட்டிக் குடுத்தவன்?

எங்கட கூட்டத்தில் ஒருவனுக்குக் 'காக்கை' என்று பட்டப்பெயர். கண்டாவளைக்கு வந்து அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், நாலாவது வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆர், எங்கட காக்கையோ?" என்று கேட்பார். நிறத்தால் வந்த பெயர் என்று புதிதாக வருகிற ஆக்கள் நினைப்பார்கள். அது இல்லை. ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பண்டாரவன்னியன் நாடகம் போட்டார்கள். பண்டாரவன்னியனாக நடிக்க எட்டுப் பேர் கையை உயர்த்தினார்கள். வெள்ளைக்காரக் கப்டனாக நடிக்கவும் ஆள் இருந்தது, தொப்பி போடலாம் என்பதற்காக. காக்கை வன்னியனாக நடிக்க மட்டும் ஒருவரும் இல்லை. அன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. அதனால் அவனுக்கே அந்தப் பாத்திரம் கிடைத்தது.

நாடகம் முடிந்து வெளியே வர, முன்வரிசையில் இருந்து பார்த்த ஒரு ஆச்சி அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, "நாசமாப் போவானே, நல்ல மனிசனைக் காட்டிக் குடுத்திட்டியே" என்று பேசினா. பகிடியாகத் தொடங்கிய பேச்சு, நடுவில் அந்த மனுசிக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அன்றையோடு அவன் காக்கை.

பிறகு அவன் கலைப்பீடத்துக்கு வந்து, ஒரு பாடத்துக்காக யாழ்ப்பாண வைபவமாலையை வாசித்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கட வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது: "டேய், நான் இஞ்சயும் காட்டிக் குடுத்திருக்கிறனடா!"

இந்தக் கட்டுரை அந்தக் குரல்பதிவில் இருந்து தொடங்கியது.

முதலில் சொற்கள்

எங்கட ஊரில் பேசுவதே 'கதைக்கிறது' தான். அதனால் 'கதை' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிவிடுகிறோம். பழைய கதைகளை ஆராய வேண்டுமென்றால் கொஞ்சம் பிரித்து வைக்க வேண்டும்.

தொன்மம் என்பது உலகம் இப்போது இருப்பதுபோல இல்லாத ஒரு காலத்தில் நடப்பது. பாற்கடலைக் கடைந்ததற்கு ஆண்டுக்கணக்குக் கிடையாது. யாரும் கேட்பதும் இல்லை. நம்புகிறவர்களுக்கு அது புனிதம். புராணம் என்பது அப்படிப்பட்டவை தொகுக்கப்பட்டு நூலான வடிவம். ஒரு கோயிலுக்கென்று தனியாக இருந்தால் தலபுராணம். ஐதிகம் வேறு. அதிலே ஊருக்குப் பெயர் இருக்கும், ஆளுக்குப் பெயர் இருக்கும், 'இந்த இடத்திலதான் நடந்தது' என்று கையைக் காட்ட ஒரு மரமோ குளமோ கல்லோ இருக்கும். நாட்டார் கதையில் இவை ஒன்றும் வேண்டாம். 'ஒரு ஊரில ஒரு ராசா' என்றால் எந்த ஊர் என்று சின்னப் பிள்ளையும் கேட்காது.

அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1965இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாய்மொழிக் கதைகளை ஏறக்குறைய இப்படித்தான் மூன்றாகப் பிரித்தார். அவர் வைத்த அளவுகோல்கள் எளிமையானவை. சொல்கிறவர்கள் அதை உண்மையென்று நம்புகிறார்களா? எந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்கிறார்கள்? புனிதமாகப் பார்க்கிறார்களா? அவருடைய கணக்கில் ஐதிகம் என்பது உண்மையென்று நம்பப்படுவது, ஆனால் மனிதர் வாழும் அண்மைக் காலத்தில் நடப்பது. அதனால்தான் அது வரலாற்றோடு எளிதில் கலந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு சொற்கள். கர்ணபரம்பரைக் கதை என்று சொல்கிறோமே, அது தனி வகை இல்லை. கதை வந்த வழி. கர்ணம் என்றால் காது. காதுவழியாக, தலைமுறை தலைமுறையாக வந்தது என்று பொருள். காரணக்கதை என்பது ஒரு பெயருக்கோ வழக்கத்துக்கோ விளக்கம் சொல்கிற கதை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இலங்கையில் பத்தாவதாகத் தங்கிய இடம் 'பத்தாப்பளை' ஆகி, பிறகு வற்றாப்பளை ஆனது என்று சொல்வார்களே, அது காரணக்கதை.

பேன் பார்த்த பெடியன்

வற்றாப்பளைக் கதை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரத்தில் பொங்குகிற எங்கட பக்கத்து ஆக்கள், வைகாசி வந்தால் அம்மாளாச்சியிடம் போவார்கள். போகிற வழியில் அம்மம்மாமார் சொல்லுகிற கதை இதுதான்.

நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பெடியங்களிடம் ஒரு கிழவி வருகிறா. தங்க இடம் கேட்கிறா, பசிக்கிறது என்கிறா. பெடியங்கள் கொட்டில் போட்டுக் கொடுத்துப் பொங்குகிறார்கள். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. 'கடல்தண்ணியை விட்டு எரியுங்கோ' என்கிறா கிழவி. விளக்கு எரிகிறது. தலை கடிக்குது, பேன் பார் என்று ஒரு பெடியனிடம் சொல்லுகிறா. அவன் மயிரை விலக்கினால், தலை முழுக்கக் கண்கள். கிழவி மறைந்துவிடுகிறா. இன்றைக்கும் பொங்கலுக்கு முன்னால் கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கெரிக்கிறார்கள்.

இந்தக் கதையைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஏழை உருவில் வருகிற தெய்வம். தன்னிடம் இருப்பதைக் கொடுக்கிற எளியவர்கள். எண்ணெய் இல்லாமல் எரிகிற விளக்கு. உடம்பில் இருக்கும் அடையாளத்தால் தெய்வம் வெளிப்படுவது. தனியாகப் பிரித்தாலும் உயிரோடு நிற்கக்கூடிய, வேறொரு கதையில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடிய இந்தத் துண்டுகளைத்தான் கதைக்கூறு என்கிறோம். ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிய ஒரு கதையில் இரண்டு தெய்வங்கள் வழிப்போக்கராக வருகின்றன. ஊர் முழுக்கக் கதவைச் சாத்த, ஒரு ஏழைக் கிழவனும் கிழவியும் மட்டும் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். வார்க்க வார்க்க வைன் குடம் வற்றாமல் நிறைகிறது. நந்திக்கடலில் விளக்கு, அங்கே குடம்.

அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் ஸ்டித் தொம்சன் 1932 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளில் இப்படிப்பட்ட கூறுகளுக்கு ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டார். ஆங்கில எழுத்துகளால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருக்கிறார். மாறுவேடத்தில் வந்து விருந்தோம்பலைச் சோதிக்கிற தெய்வம், 'கியூ 1.1'. கண்ணகி அம்மனுக்கு இலக்கம் போடுவதா என்று கோபப்பட வேண்டாம். அந்த இலக்கம் எங்கட கதையைப் பொய் என்றோ களவு என்றோ சொல்லவில்லை. வீடு தேடி வந்தவருக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல உலகம் முழுக்க ஆக்களுக்கு இதே கதை தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே அட்டவணையில் 'கே' என்ற பகுதி முழுக்க ஏமாற்று. அதற்குள் 2200 முதல் 2299 வரை வில்லன்களும் துரோகிகளும். எங்கட காக்கை இருக்க வேண்டிய இடம் அதுதான்.

1803இல் நடந்தது

முதலில் வரலாறு. வன்னிமைகள் யாழ்ப்பாண அரசுக்கும் பிறகு போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறை கொடுப்பதும் மறுப்பதுமாக நெடுங்காலம் நின்று பிடித்தன. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை வென்று நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். 1795–96இல் ஒல்லாந்தருடைய இடங்கள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. 1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்கப் போனார்கள். யூன் மாதம் கண்டியில் இருந்த அவர்களுடைய படை அழிந்தது. அந்த நேரத்தில்தான் பண்டாரவன்னியன் எழுந்தார். கண்டியின் துணையோடு, 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவைத் தாக்கினார். அங்கே இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் படையோடு வள்ளங்களில் யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போக வேண்டி வந்தது. அந்த ஓகஸ்ட் 25ஐத்தான் இன்றைக்கும் வன்னியில் நினைவுகூருகிறோம்.

ஆனால் செப்டம்பரில் நிலைமை மாறியது. கொழும்பை நோக்கி இறங்கிய கண்டிப் படை ஹங்வெல்லையில் தோற்றுத் திரும்பியது. கண்டியில் இருந்து இனிப் பெரிய உதவி வராது. ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். 1803 ஒக்டோபர் 31இல், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள கற்சிலைமடுவில், ஓகஸ்டில் ஓடின அதே டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அதைச் சொல்ல அங்கே ஆங்கிலத்தில் ஒரு கல்லும் நாட்டினார்கள். அந்தக் கல் 'தோற்கடித்தார்' என்றுதான் சொல்கிறது, கொன்றதாகச் சொல்லவில்லை. பண்டாரவன்னியன் அன்றைக்கே விழுந்தார் என்று ஒரு மரபு, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்து போராடினார் என்று இன்னொரு மரபு.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. கூட்டாளி பின்வாங்கிவிட்டான், மூன்று பக்கத்தாலும் எதிரி, எதிரியிடம் கடல்வழியாக ஆளும் வெடிமருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு சிற்றரசன் தோற்பதற்கு இவ்வளவும் போதும். துரோகி என்று ஒருவன் இல்லாமலே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

கதையில் நடந்தது

ஆனால் கதைக்கு அது போதாது. கதையில் காக்கை வன்னியன் வர வேண்டும். பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண் கேட்கிறான், மறுக்கப்படுகிறான், அவமானப்படுகிறான், வஞ்சம் வைத்து வெள்ளைக்காரனோடு சேருகிறான், காட்டிக் கொடுக்கிறான். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய 'பண்டாரவன்னியன்' நாடகமும், அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களிலும் கோயில் முற்றங்களிலும் போட்ட எத்தனையோ நாடகங்களும் இந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோயின. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று ஒரு நாவலே எழுதினார்.

பெண் கேட்டு மறுக்கப்பட்டவனின் வஞ்சம் என்பதும் ஒரு பழைய கதைக்கூறு. ஒருவன் அரசியல் காரணத்துக்காகப் பக்கம் மாறினான் என்றால் மேடையில் ஒரு மணித்தியாலம் விளக்க வேண்டும். பெண் கொடுக்கவில்லை என்றால் ஒரு காட்சி போதும். சபைக்கு உடனே விளங்கும்.

இப்போது எங்கட நண்பன் நள்ளிரவில் கண்டுபிடித்த விசயத்துக்கு வருவோம். யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதியது. யாழ்ப்பாண இராச்சியம் விழுந்த கதையைச் சொல்லும்போது அந்த நூல், சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் பிடித்துக் கொடுத்தவனாக ஒருவனைச் சொல்கிறது. அவன் பெயரும் காக்கை வன்னியன்.

யாழ்ப்பாணம் விழுந்தது 1619இல். கற்சிலைமடு 1803இல். இடையில் 184 ஆண்டுகள். ஒரே ஆள் இரண்டு தரமும் காட்டிக் கொடுத்திருக்க முடியாது. இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்திருக்கலாம். இல்லையென்று சத்தியம் பண்ண எங்களால் முடியாது. ஆனால் இரண்டு பேரும் வன்னியர், இரண்டு பேரும் காக்கை, இரண்டு பேரும் எங்கட கடைசி அரசனைப் பிறத்தியானிடம் கொடுத்தவர்கள் என்றால், இது பிறப்புப் பதிவில் தேட வேண்டிய விசயம் இல்லை என்று நினைக்கிறோம். ஒரு கதையின் துரோகி இன்னொரு கதைக்கு இடம்பெயர்ந்து வந்திருக்கிறான். பெயர் ஏற்கனவே ஆக்களின் வாயில் இருந்தது, கசப்பு ஏற்கனவே ஏறியிருந்தது. புதுத் துரோகிக்குப் புதுப் பெயர் தேடத் தேவை வரவில்லை.

வைபவமாலை அப்படி ஒட்டக்கூடிய நூல்தான். பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் சங்கிலியையும், 1619இல் அரசை இழந்த சங்கிலி குமாரனையும் அது ஒரே ஆளாக்கிவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். இரண்டு அரசர் ஒருவராகலாம் என்றால், ஒரு துரோகி இருவராகவும் ஆகலாம்தானே.

1619இன் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். சங்கிலி குமாரன் 1617இல் அரச குடும்பத்திலேயே இரத்தம் சிந்தி ஆட்சிக்கு வந்தவன். 1618இல் அவனுக்கு எதிராக உள்ளூரிலேயே கிளர்ச்சி நடந்தது. தஞ்சாவூர் நாயக்கனிடம் படை உதவி வாங்கித்தான் நின்று பிடித்தான். பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தபோது, கடலால் தப்ப முயன்று பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். இங்கேயும் தோல்விக்குக் காரணம் தேட ஒரு காக்கை தேவையில்லை.

ரோலண்டின் மாற்றாந்தந்தை

இது தமிழருக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 778ஆம் ஆண்டு பிராங்கிய அரசன் சார்லமேன் ஸ்பெயினிலிருந்து திரும்பும்போது, பிரனீஸ் மலைக் கணவாயில் அவனுடைய பின்படையைப் பாஸ்க் மலைவாசிகள் பதுங்கியிருந்து அடித்தார்கள். இறந்தவர்களில் ரோலண்ட் என்ற பிரபுவும் ஒருவன். சார்லமேனின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார். மலை ஒடுக்கம், பிராங்கியருக்குப் பாரமான ஆயுதம், எதிரிக்கு இடம் பழக்கம். அவர் சொல்லுகிற காரணம் இவ்வளவுதான். துரோகி யாரும் இல்லை.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இதே சம்பவம் பிரெஞ்சுக் காவியமாகிறது. மலைவாசிகள் இப்போது பெரிய முஸ்லிம் படையாகிவிட்டார்கள். ரோலண்டுக்கு ஒரு மாற்றாந்தந்தை முளைத்துவிட்டான், பெயர் கனலோன். பொறாமையில் எதிரியோடு சேர்ந்து காட்டிக் கொடுக்கிறான். கடைசியில் அவனைக் குதிரைகளில் கட்டி நாலு பக்கமும் இழுத்துக் கொல்கிறார்கள். அதோடு முடியவில்லை. அவனுக்குப் பிணை நின்ற முப்பது உறவினரையும் தூக்கில் போடுகிறார்கள். இந்த முப்பது பேரை ஞாபகம் வைத்திருங்கள், திரும்பி வருவோம்.

தமிழ்நாட்டுக்கு வந்தால் எட்டப்பன். இன்றைக்குத் தமிழில் எட்டப்பன் என்றாலே துரோகி. ஆனால் அது ஒரு ஆளின் பெயர் இல்லை. எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். எட்டயபுரம் ஆங்கிலேயர் பக்கம் நின்றது உண்மை. ஆனால் 1799இல் தப்பிப்போன கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். வசைச்சொல்லாக நின்றது மற்றப் பெயர். ஐதிகத்துக்கு ஒரு பெயர்தான் வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் ஞாபகத்தில் நிற்காது.

துரோகி என்ன வேலை செய்கிறான்?

ரஷ்ய அறிஞர் விளாடிமிர் புரொப் 1928இல் ஒரு நூல் எழுதினார். மந்திரக் கதைகளில் ஆள் யார் என்பதைவிட அவர் கதைக்குள் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் முக்கியம் என்றார். அப்படி 31 வேலைகளைக் கணக்கெடுத்தார். நாங்களும் அப்படிக் கேட்போம். காக்கை வன்னியன் கதையில் என்ன வேலை செய்கிறான்?

ஒன்று, வீரனைக் காப்பாற்றுகிறான். பண்டாரவன்னியன் தோற்கவில்லை, காட்டிக் கொடுக்கப்பட்டார் என்று சொல்லலாம். வீரம் குறையாமல் இருக்கும். இரண்டு, எங்களைக் காப்பாற்றுகிறான். நாங்கள் பலவீனமானவர்கள் இல்லை, ஒரு கெட்டவன் இருந்தான், அதனால்தான் என்று ஆறுதல்படலாம். தோற்ற ஆக்களுக்கு இந்த ஆறுதல் சின்ன விசயம் இல்லை. அந்த ஆச்சி அழுதது வெறும் நாடகத்துக்காக என்று நாங்கள் நினைக்கவில்லை. இந்த மண்ணில் இழந்தவர்களுக்கு, இழப்புக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. முகம் இருந்தால்தான் ஏசலாம்.

மூன்றாவது வேலையும் உண்டு. மற்றக் காரணங்களை மறைக்கிறான். காக்கை மேடைக்கு வந்தவுடன் ஹங்வெல்லை காணாமல் போய்விடுகிறது. மன்னாரில் இருந்தும் திருகோணமலையில் இருந்தும் வந்த படைகள் காணாமல் போகின்றன. சங்கிலி அரசுக்கு வந்த விதம் காணாமல் போகிறது. 'யார் செய்தான்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், 'ஏன் நடந்தது?' என்று ஒருவரும் கேட்பதில்லை.

கணக்குத் தீர்ப்பது யார்?

வற்றாப்பளை அம்மாளாச்சியின் கதைக்குத் திரும்பி வருவோம். கோவலனைக் கள்வன் என்று பொய் சொல்லிக் காட்டிக் கொடுத்தவன் ஒரு பொற்கொல்லன். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாத்திரம் தெரியும். சிலப்பதிகாரம் அந்த ஒருவனோடு நிறுத்தவில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் வந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் கோபத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று அதிலேயே இருக்கிறது.

பொய் சொன்னது ஒருவன். பலியானது ஆயிரம் பேர். பிரெஞ்சுக் காவியத்தில் ஒரு கனலோனும் முப்பது உறவினரும். துரோகிக் கதைக்கு இது ஒரு பொதுக்கூறு என்றே சொல்லலாம். துரோகம் தனி ஆளில் நிற்பதில்லை. அவனுடைய தொழில், சாதி, குடும்பம், ஊர் என்று பரவும். கதை கேட்கிற நாங்கள் அந்த ஆயிரம் பேரை எண்ணுவதே இல்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை, வசனம் இல்லை, எந்தக் கூத்திலும் அவர்களுக்கு ஒரு பாட்டு இல்லை.

இதையெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட எங்களால் முடியாது. இந்த நாட்டில் எங்கட பெற்றோரின் காலத்தில் 'துரோகி' என்பது வெறும் வசைச்சொல் இல்லை. அந்தச் சொல் ஒருவர் மீது விழுந்த பிறகு உயிர்கள் போயிருக்கின்றன. போனவர்களின் பிள்ளைகள் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். இப்போது பேஸ்புக்கில் ஒரு கருத்துப் பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது வரியில் காக்கை வன்னியன் வந்துவிடுகிறான். எழுதுகிறவருக்கு அது ஒரு உவமை. வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. நானூறு ஆண்டுப் பாரம் அதிலே ஏறியிருக்கிறது.

உண்மையில் காட்டிக் கொடுக்கிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், எந்தப் போரிலும் இருப்பார்கள். எங்கட கேள்வி அது இல்லை. ஒருவர் மீது அந்தப் பெயரை வைக்கும்போது, நடந்ததைப் பார்த்து வைக்கிறோமா, அல்லது கதையில் அந்த இடம் காலியாக இருப்பதால் வைக்கிறோமா? எங்கட நண்பனுக்கு அந்தப் பாத்திரம் கிடைத்ததே அன்றைக்கு அவன் வகுப்பில் இல்லாததால்தான். வரலாற்றிலும் எத்தனை பேருக்கு அப்படிக் கிடைத்திருக்கும்?

கதையைக் கைவிடுவதா?

இல்லை. ஐதிகத்தைப் பொய் என்று தள்ளிவிட்டால் நாங்கள்தான் ஏழையாவோம். டிறிபேர்க்கின் கல் நாளையும் பெயரையும் சொல்கிறது. இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு சனம் அந்தத் தோல்வியை எப்படிச் சுமந்தது என்பதை அந்தக் கல்லால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல நாடகம் வேண்டும், கூத்து வேண்டும், முன்வரிசையில் அழுத ஆச்சி வேண்டும். வற்றாப்பளையில் விளக்கு கடல்நீரில் எரிகிறதா என்று ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பதைவிட, பசியோடு வந்த கிழவிக்கு மாடு மேய்க்கிற பெடியங்கள் சோறு போட்டார்கள் என்பதை ஒரு சமூகம் இத்தனை காலம் ஞாபகம் வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பெரிய விசயமாகத் தெரிகிறது.

ஆகவே கதையைக் கேளுங்கள். கேட்டுவிட்டு மூன்று கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். இது தொன்மமா, ஐதிகமா, நாட்டார் கதையா? இதிலே எந்தத் துண்டு வேறு ஊர்க் கதையிலும் இருக்கிறது? அந்தத் துண்டு இங்கே எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? அம்மம்மா கதை சொல்லும்போது நடுவில் மறித்துக் கேட்கத் தேவையில்லை. அடி விழும். வீட்டுக்கு வந்து கேட்டால் போதும்.

எங்கட நண்பனின் தம்பி அதே பள்ளிக்கூடத்தில் இப்போது ஒன்பதாம் ஆண்டு. இந்த முறையும் பண்டாரவன்னியன் நாடகம் போடப்போகிறார்களாம். காக்கை வன்னியனாக நடிக்க ஆள் தேடுகிறார்கள். தம்பி வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டிருக்கிறான், "அண்ணா, நான் நடிக்கட்டோ?"

"நடி," என்று சொல்லியிருக்கிறான் காக்கை. "ஆனா ரீச்சரிட்ட ஒண்டு கேள். மன்னாரில இருந்து வந்த படைக்கும் திருகோணமலையில இருந்து வந்த படைக்கும் மேடையில ஆக்கள் இருக்கினமோ எண்டு கேள்."

உங்கட ஊர்க் கதையில் காட்டிக் குடுத்தவன் ஆர்? அவன் போகும் வழியில் எந்தப் படைகள் மறைந்து போயின? கேட்டு எழுதி அனுப்புங்கோ.